மிளகு படுக்குற இடம்

கால்ல இடிக்குதுங்களா தம்பி? சித்தெ இப்பிடி நவுத்திக்கறேன். மடக்குனாலும் இதுக்கு அகலம் கொஞ்சம் சாஸ்திதானுங்க. மேல வெச்சா வளைவுல யாரு தலைமேலயாச்சும் உளுந்துரும், முன்னால வெச்சா கண்டக்டர் கத்தறாரு. அதான் முட்டியோட அணைச்சுப் புடிச்சுட்டே உக்காந்துட்டேன். கோயமுத்தூர் வரைக்கும் இப்பிடியேதான்.

கிளிக்கூண்டு இல்லீங்க. நாய்க்கூண்டு. குட்டி நாய்க்கு. பிரிச்சு வெச்சா ஒரு டீவிப் பொட்டி அளவுக்கு வரும். பழைய காலத்து டீவி.

நீங்களும் நாய் வாங்கப் போறீங்களா? கொழந்தைங்க கேக்குதா? வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா ஒண்ணு சொல்றேன், வாங்கறதுக்கு முன்னால அது எங்க படுக்கும்னு முடிவு பண்ணிப்போடுங்க. சோறு ஒரு விசயமே இல்ல, எதையாச்சும் தின்னுக்கும். படுக்கற எடம்தான் விசயம். பட்டுட்டுச் சொல்றேன். அந்த வாயில்லாச் சீவனுக்கு நான் பண்ணுன பாவம் இருக்குதே, அதைய எங்க கொண்டுபோயித் தொலைக்கறதுன்னு தெரியலைங்க.

நாய் என்னுது இல்ல. என்ற பொண்ணுது. கோகிலவாணின்னு பேரு, கோகிலான்னு கூப்புடுவோம். பெங்களூர்ல கட்டிக் குடுத்திருந்தோம். ஒத்து வரல. அதெல்லாம் எதுக்குங்க இப்ப. போன தை மாசம் ரெண்டு பொட்டி, இந்தக் கூண்டு, கூண்டுக்குள்ள மிளகு, இத்தனையோட வந்து எறங்குனா. மிளகுங்கறது நாய் பேரு. டேஷ் நாய் பாத்திருக்கீங்களா? ஒடம்பு நீளமா இருக்கும், காலு நாலும் இத்தினியூண்டு. நடக்கறப்ப வயிறு தரையத் தொடுதோன்னு குனிஞ்சு பாக்கத் தோணும். கருகருன்னு இருக்கும், அதான் மிளகு.

"வா அம்மிணி, இது உன்ற ஊடு"ன்னுதான் சொன்னேன். மனசாரச் சொன்னேன். சிங்காநல்லூர்ல எங்க ஊடு. மில்லுல ஷிப்டு மேஸ்திரியா இருந்து கட்டுனது. ரெண்டு ரூமு, ஒரு ஹாலு, சமையக்கட்டு, பின்னால பொடக்காலி. பொடக்காலின்னா இப்ப சிமிட்டி போட்டுத் தகரம் அடிச்சு வாஷிங் மிஷின் வெச்சிருக்கறோம். ஒரு ரூம்ல நானும் என்ற ஊட்டுக்காரி ருக்குமணியும். இன்னொண்ணு கோகிலா கண்ணாலத்துக்கு முன்னால இருந்த ரூமு. அவ போனப்பறம் பையன் சபரிக்குக் கண்ணாலம் பண்ணி அவனுக்குக் குடுத்தாச்சு. இவ வந்தப்ப மருமக நித்யா முழுகாம இருந்தா. அந்த நேரத்துல ரூமக் காலி பண்ணுங்கன்னு சொல்ல முடியுமுங்களா? நீங்களே சொல்லுங்க.

அதனால ஹால்ல திவான் கட்டில். நல்ல கட்டில்தானுங்க, நேர் மேல ஃபேனு. அவளும் "இதே போதும்ப்பா"ன்னா. ருக்குமணி மட்டும் ஒருக்கா சொன்னா, நாம ரெண்டு பேரும் ஹால்ல படுத்துட்டு புள்ளைக்கு ரூமக் குடுத்துரலாம்னு. எனக்கு முதுகு வலிங்க. மில்லுல நின்னு நின்னு வந்தது. பலகைக் கட்டில்லதான் படுக்கோணும்னு டாக்டரே சொல்லியிருக்கறாரு. அதோட அந்தப் பேச்சு நின்னு போச்சு.

நாய் விசயத்துக்கு வர்றேன்.

வந்த அன்னிக்கே கூண்டைப் பிரிச்சு திவானுக்குப் பக்கத்துல வெச்சா. எனக்குச் சங்கடமாப் போச்சு. "என்ன அம்மிணி, நாயைப் போயி ஜெயில்ல போட்டாப்பல"ன்னேன்.

"ஜெயில் இல்லப்பா. அதுக்குன்னு ஒரு எடம். கதவு தொறந்தேதான் இருக்கும், அதுவாப் போயிப் படுக்கும், அதுவா வரும். நாம சாத்தறது கொஞ்ச நேரம்தான். உள்ள இருக்கற நேரத்தவிட வெளிய இருக்கற நேரம் எப்பவும் சாஸ்தியா இருக்கோணும். அப்புறம் ஒண்ணு, அது உள்ள படுத்திருக்கறப்ப யாரும் போயித் தொந்தரவு பண்ணக் கூடாது."

"கட்டில்ல உன்ற கூடப் படுக்க வெச்சுக்கலாமே"ன்னு கேட்டேன். டேஷ் நாய் ஒசரத்துல இருந்து குதிச்சா முதுகெலும்பு போயிருமாம். பாருங்க, எனக்கும் முதுகு, அதுக்கும் முதுகு. அன்னிக்கே அந்த நாய் மேல எனக்கு ஒரு இது வந்துருச்சு.

அவளுக்கு ஒரு கம்பெனில கணக்குப் பாக்கற வேலை கெடச்சுது. காலைல போனா பொழுது சாயத்தான் வருவா. பகல்ல நாய் என்ற பொறுப்பு. ஷிப்டு பாத்தவனுக்கு நேரம் காலம் சொல்லித் தரோணுமா? இத்தன நேரம் உள்ள, இத்தன நேரம் வெளிய, இப்ப ஒண்ணுக்கு, இப்ப சோறு, எல்லாம் கணக்காப் பண்ணுனேன். செல்போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். குட்டி நாய்க்குத் தூக்கம் சாஸ்தி வேணுமாம். தூக்கம் கெட்டுப்போச்சுன்னா சிடுசிடுன்னு ஆயிரும், சோறு எறங்காது, ஒரு மூலையப் பாத்து உக்காந்துக்குமாம். அதனால கூண்டு மேல போர்வை போட்டு மூடி, டீவிச் சத்தத்தக் கொறச்சுப் போட்டேன். சபரிகிட்டயும் சொன்னேன், ஹால்ல நின்னு போன் பேசாதடா, நாய் தூங்குதுன்னு.

கோகிலா என்னைய ஒரு பார்வை பாத்தா. "நாய்க்காகவாப்பா?"ன்னா.

"பின்ன? ஒரு உசுரில்லையா"ன்னேன்.

ஹாலுன்னா எப்பிடிங்க, நாலு பேரு வந்து போறதுதான். சபரிக்கு வெளிநாட்டுக் கம்பெனி வேலை, ஊட்ல இருந்தே பாக்கறான். அவன் எந்நேரத்துக்கும் பிரிட்ஜுக்கு வருவான், தண்ணி குடிப்பான். நான் விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு நடக்கப் போவேன். நான் லைட்டப் போடறதுக்குள்ள கோகிலா எந்திரிச்சு உக்காந்திருப்பா. அத்தனை சுறுசுறுப்பு. நடந்துட்டு வர்றப்ப என்ற கூட ரெண்டு மூணு சேக்காளிங்க காப்பித்தண்ணிக்கு வருவாங்க. அதுக்குள்ள திவானைத் தட்டி விரிச்சு, தலகாணியெல்லாம் எடுத்து பீரோ மேல வெச்சிருப்பா. வந்தவங்களுக்கு ஒருத்தி அங்க படுத்திருந்தான்னே தெரியாது. சின்னதுல இருந்தே அவ அப்பிடித்தான், யாருக்கும் ஒரு தொந்தரவு இருக்காது.

நித்யாவுக்கு மசக்கை சாஸ்தியாச்சு. நாய் வாசம் கொமட்டுதுன்னா. முழுகாம இருக்கற புள்ள சொல்றப்ப என்ன பண்றதுங்க? கூண்டத் தூக்கிப் பொடக்காலில வெச்சேன், வாஷிங் மிஷினுக்குப் பக்கத்துல. அங்கதான் ஆரம்பிச்சுது. ராப்பூரா அழுகை. கொலைக்கற சத்தம்னாக்கூட பொறுத்துக்கலாம், இது புள்ளை அழுகறாப்பல. கோகிலா எந்திரிச்சு எந்திரிச்சுப் போவா. ஒருநாள் நான் நடக்கப் போறதுக்கு எந்திரிச்சுப் பாத்தா, மிஷின்ல சாஞ்சு உக்காந்துட்டிருக்கறா. கம்பிக்குள்ள ரெண்டு வெரலு. நாய் அந்த வெரல் மேல மோவாயை வெச்சுட்டு முழிச்சிருக்குது.

"ஏன் அம்மிணி இங்க உக்காந்திருக்கற?"

"தூக்கம் வரலப்பா."

"நீ வெரலக் குடுத்தா அது பழகவே பழகாது. ஒரு வாரம் விட்டுப் பாரு, அழுது அழுது அதுவா நிறுத்திரும். வீடியோவுல சொல்றாங்க."

அவ வெரல எடுத்துட்டு உள்ள போயிட்டா. நான் சொன்னாப்பலயே ஆச்சுங்க. ஒரு வாரத்துல அழுகை நின்னுபோச்சு. எனக்கு ஒரே பெருமை. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொன்னேன், பாருங்க, நாய் பழகிருச்சுன்னு. கோகிலாவும் அப்புறம் ஒண்ணுமே சொல்லல. அவளும் பழகிட்டா. சொல்லப்போனா அதுக்கப்புறம் எதுக்குமே அவ எதுவும் சொல்லல.

ஆனா மத்தியானம் கதவத் தொறந்து விட்டா மொதல்ல ஓடி வந்து காலைச் சுத்தற நாய், இப்ப தொறந்து விட்டாலும் வரதில்ல. உள்ளயே சுருண்டு கெடக்கும். மிளகு, மிளகுன்னு கூப்புட்டா கண்ண மட்டும் தூக்கிப் பாக்கும். அந்தப் பார்வை இருக்குதே, சோத்துல கைய வெச்சா அதுதான் முன்னால வந்து நிக்கும். ருக்குமணிகிட்டச் சொன்னேன், "பாவம் பண்ணிட்டோம்டி"ன்னு. "ஆமா"ன்னா. அவ எதைய நெனச்சு ஆமான்னாளோ.

வைகாசில நித்யாவுக்கு வளைகாப்பு. ஊடு நெறையச் சனம். சம்பந்தி ஊட்டுச் சனமெல்லாம் ராத்திரி ஹால்லதான் படுத்தாங்க. கோகிலாவுக்கு எங்க ரூம்ல, கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுக் குடுத்தோம். மறுநாள் விசேசம். ருக்குமணி காலைலயே அவளக் கூப்புட்டு, "நாலு பேரு நாலு பேசுவாங்க சாமி, வளையல் போடறப்ப நீ முன்னால வந்து நிக்காத"ன்னு சொல்லிட்டா. அவ மேல தப்பு சொல்ல முடியாதுங்க. சம்பந்தியம்மா ஒரு மாதிரி. புருசன விட்டுட்டு வந்த பொண்ணுன்னு ஏதாச்சும் வாயத் தொறந்துட்டான்னா யாரு அடைக்கறது?

எனக்கானா நாய் நெனப்பு. காலைல இருந்து அது கூண்டுக்குள்ளயே கெடக்குது. கொழந்தைங்க ஓடியாடறதுக்குள்ள தொறந்து விட்டா கடிச்சு வெச்சுருமோன்னு பயம். சாப்பாட்டுப் பந்தி நடக்கறப்ப மனசு கேக்காம ரெண்டு இட்டிலிய எலைத்துண்டுல வெச்சு எடுத்துட்டுப் பொடக்காலிக்குப் போனேன். பாத்தா கோகிலா அங்க உக்காந்திருக்கறா. பட்டுச்சேலை கட்டி, தலைல பூ வெச்சு, தரையில. யாரோ சோத்துத் தட்டக் கொண்டாந்து குடுத்திருப்பாங்க போல, மடில வெச்சிருக்கறா, கை வெக்கல. கூண்டுக் கதவத் தொறந்து விட்டிருக்கறா. நாய் வெளிய வரல, வாசப்படில தலைய மட்டும் வெச்சிருக்குது. உள்ள வளையல் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேக்குது.

என்னையப் பாத்தா. நானும் பாத்தேன்.

"மிளகு ஒண்ணுக்குப் போச்சா?"ன்னு கேட்டேன்.

"போச்சுப்பா"ன்னா.

இட்டிலிய வெச்சுட்டு வந்துட்டேன். பந்தில சாம்பார் பத்தலைன்னு யாரோ கூப்புட்டாங்க. இல்லீன்னா சித்தெ உக்காந்திருப்பேன்.

விசேசம் முடிஞ்சு நித்யாவ அவ அம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் மொத வேலையா என்ன பண்ணுனேன் தெரியுமுங்களா? கூண்டத் தூக்கிட்டு வந்து ஹால்ல பழைய எடத்துல வெச்சேன். அன்னிக்கே. கோகிலா ஆபீசு உட்டு வந்ததும், "பாரு அம்மிணி, இனிமே அது அதுபாட்டுக்கு இங்கயே இருக்கட்டும்"ன்னேன். அவ கூண்டப் பாத்தா. அப்புறம் சபரி ரூம் கதவப் பாத்தா, சாத்தியிருந்துச்சு. அவன் ஒருத்தன்தான் அப்ப அந்த ரூம்ல. ஆனா அவனுக்கு வேலை இருக்குதில்லீங்க, கம்ப்யூட்டரு, போனு, எல்லாம் அங்கதான்.

"சரிப்பா"ன்னுட்டுப் போயி மூஞ்சி கழுவுனா.

ஆடி மாசம் ஈரோட்டுல வேற வேலை கெடச்சிருக்குதுன்னு சொன்னா. ஆடில யாராச்சும் குடி போவாங்களா? போயிட்டா. வந்தப்ப கொண்டாந்த அதே ரெண்டு பொட்டி, நாயைக் கைல புடிச்சுக்கிட்டா. கூண்ட விட்டுட்டா. கார்ல எடமில்ல, அப்புறம் பாத்துக்கலாம்னா. மறுநாள் போன் பண்ணுனேன். "ஊடு எப்பிடி அம்மிணி, நாய்க்கு எடம் இருக்குதா?"ன்னேன். "இருக்குதுப்பா"ன்னா.

அது மனசுல கெடந்து உறுத்திட்டே இருந்துச்சு. ரெண்டு மாசமா நாய் எங்க படுக்குதோ என்னமோன்னு. நம்மளால கெட்ட நாய். அதான் இன்னிக்கு ஞாயித்துக்கெழமைன்னு இதையத் தூக்கிட்டுப் பஸ் ஏறுனேன். போர்வையைக்கூடத் துவைச்சு எடுத்துட்டுப் போனேன்.

மாடி மேல ஒத்த ரூமுங்க. முன்னால கொஞ்சம் மொட்ட மாடி. கீழ ஊட்டுக்காரங்க. ஆபீசு பக்கத்துத் தெருவாம், மத்தியானம் வந்து நாயை வெளிய உட்டுட்டுச் சாப்புட்டுப் போறா. நான் போனதும் மிளகு ஓடி வந்து காலை மோந்து வாலாட்டுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. பாவம், எதையும் மனசுல வெச்சுக்கல பாருங்கன்னு நெனச்சுட்டே கூண்டப் பிரிச்சுத் தரையில வெச்சேன். கம்பி டக்குனு மாட்டற சத்தம் கேட்டுதோ இல்லியோ, ஒரே ஓட்டம். கட்டிலுக்கடியில சொவத்தோரமாப் போயி ஒண்டிக்கிச்சு. கூப்புட்டா வரல. பிஸ்கோத்து நீட்டுனா வரல. ஒடம்பு நடுங்கறது இங்கிருந்தே தெரியுது.

"அதைய வெளிய வெச்சுருங்கப்பா"ன்னா கோகிலா. கோவமில்ல, மெதுவாத்தான் சொன்னா. தூக்கிட்டுப் போயி மாடிப்படியில வெச்சேன். அப்புறமும் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வெளிய வந்துச்சு.

"அப்ப ராத்திரி எங்க படுக்குது?"

"என்ற கூடத்தான்." கட்டிலோரமா ஒரு சாய்ஞ்ச பலகை, மேல மெத்துனு துணி ஒட்டியிருக்குது. ஆசாரிகிட்டச் சொல்லிப் பண்ணுனாளாம். குதிக்க வேண்டியதில்ல, நடந்தே ஏறி நடந்தே எறங்கிக்கும்.

"கெட்ட பழக்கமாயிருமே அம்மிணி"ன்னேன். சிரிச்சா. அவ சிரிச்சுப் பாத்து நாளாச்சு.

சோறாக்கிப் போட்டா. தக்காளி ரசமும் முட்டையும். சாப்புட்டு முடிச்சுத் தட்டெல்லாம் கழுவி வெச்சுட்டு வந்து நின்னா. "சித்தெ நேரம் படுக்கட்டுமாப்பா? ஞாயித்துக்கெழமை மத்தியானம் தூங்கிப் பழகிட்டேன்"னா. அவ ஊட்டுல, அவ கட்டில்ல படுக்கறதுக்கு என்னையக் கேக்கறா பாருங்க. படு படுன்னேன். ஜன்னல் திரைய இழுத்து விட்டுட்டுப் படுத்தா. நாயும் பலகை வழியா மெதுவா ஏறி அவ முழங்கால் மடிப்புக்குள்ள சுருண்டுக்கிச்சு. ரெண்டு நிமிசத்துல தூங்கிட்டா. வாய் லேசாத் தொறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளிய தொங்கிட்டு, குறட்டைகூட விடறா.

நான் நாற்காலில உக்காந்து பாத்துட்டே இருந்தேன். அப்பத்தானுங்க எனக்குத் தோணுச்சு, தை மாசத்துல இருந்து ஆடி வரைக்கும் என்ற ஊட்டுல இவ தூங்கி நான் பாக்கவே இல்ல. எப்ப பாத்தாலும் எந்திரிச்சு உக்காந்திருப்பா. நாயை அத்தனை நேரம் பாத்திருக்கறேன், அது கனாவுல காலை ஒதைக்கறதுகூடத் தெரியும். இவளப் பாக்கல. சேக்காளிங்ககிட்ட என்ற பொண்ணு சுறுசுறுப்புன்னு சொல்லியிருக்கறேன்.

கை கீழ தொங்குதே, எடுத்து மேல வெக்கலாம்னு எந்திரிச்சேன். நாய் தலையத் தூக்கி உறுமுச்சு. கொலைக்கல, பல்லக் காட்டல, தொண்டைக்குள்ள மட்டும். திரும்ப உக்காந்துட்டேன். முதுகு வலி கொன்னு எடுக்குது, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலில. அசையல. அசைஞ்சா நாற்காலி சத்தம் போடும்.

எந்திரிச்சதும் காப்பி போட்டுக் குடுத்தா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. வண்டி கெளம்பற நேரம், ஏதாச்சும் சொல்லோணும்னு வாயத் தொறந்தேன். "நாய்க்கு ஊசி போட்டாச்சா?"ன்னு கேட்டுட்டேன்.

"போட்டாச்சுப்பா. பாத்துப் போங்க"ன்னா.

நீங்க பெருந்துறைல ஏறுனீங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் ருக்குமணி போன் பண்ணுனா. கூண்டு குடுத்தாச்சா, நாய் எப்பிடி இருக்குதுன்னு கேப்பான்னு நெனச்சேன். அதெல்லாம் கேக்கல. "புள்ள எங்க படுக்கறா?"ன்னா.

"கட்டில்ல. சொந்தமாக் கட்டில் வாங்கியிருக்கறா"ன்னேன்.

"கதவு இருக்குதா?"

"என்னடி கேள்வி இது? கதவில்லாம ஊடா?"

"உள்பக்கம் தாழ்ப்பா இருக்குதான்னு கேட்டேன்."

நெனச்சுப் பாத்தேன். இருந்துச்சு. புது இரும்புத் தாழ்ப்பா, இவளே வாங்கிப் போட்டிருப்பா போல, மரத்தூளுகூட இன்னும் கீழ கெடந்துச்சு. "இருக்குது"ன்னேன்.

ருக்குமணி மூக்க உறிஞ்சறது கேட்டுச்சு. "நம்ம ஊட்டுல இருந்த வரைக்கும் துணி மாத்தறதுக்குக்கூட அவ பாத்ரூமுக்குத்தான் போனா. ஈரத் தரைல நின்னுட்டு. ஒரு நாளாச்சும் பாத்தீங்களா நீங்க?"ன்னா.

பாக்கலைங்க தம்பி. சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன். சிக்னலெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.